பழைய டோர், பானட், ஃபெண்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் காருக்குப் பழைய டோர், பானட் (இன்ஜின் மூடி), ஃபெண்டர் (முன் சக்கரத்தை ஒட்டிய பக்கத் தகடு) வேண்டுமென்றால் எல்லாரும் கை காட்டுவது பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையைத்தான். அதில் தப்பே இல்லை. காரிலிருந்து கழற்றிய நல்ல ஒரிஜினல் டோர் கிடைத்தால், மலிவான புது லோக்கல் டோரைவிட அதுவே ஒழுங்காக உட்காரும் என்பேன். ஆனால் அவசரப்பட்டு வாங்கினால், பொருளுக்குக் கொடுத்த பணத்தோடு டிங்கரிங் கூலியும் பெயின்ட் செலவும் சேர்ந்து போய்விடும்.

"ஸ்விஃப்ட் ஃபெண்டர் இருக்கா?" என்று வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. 2005-இல் வந்த ஸ்விஃப்ட், 2011, 2018, 2024 என மூன்று முறை அடியோடு மாறிவிட்டது. நடுவில் 2014 கடைசியில் முன் பம்பரும் மாறியது. அதனால் ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். பதிவு செய்த தேதி சில மாதம் தள்ளியிருக்கலாம். வேரியன்ட்டும் முக்கியம். சைட் மிரரிலேயே இண்டிகேட்டர் உள்ள வண்டியின் ஃபெண்டரில் பொதுவாக அதற்கான ஓட்டை இருக்காது. 2019 ஜூலையிலிருந்து பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயமானது. அதற்கு முந்தைய பம்பர்கள் பலவற்றில் சென்சார் துளையே கிடையாது. துளை போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் உயரமோ கோணமோ தவறினால் சென்சார் தரையைப் பார்த்தே கத்திக்கொண்டிருக்கும்.

அப்புறம், நிறத்தைப் பார்த்து மயங்குவது. அதே வெள்ளைதானே, பெயின்ட் செலவு மிச்சம் என்று வளைந்த டோரை எடுப்பவர்கள் உண்டு. வெயிலில் நின்ற இரண்டு வண்டிகளின் வெள்ளை அச்சு அசலாக ஒத்துப்போவது அரிது. எப்படியும் பெயின்ட் அடிக்கத்தான் போகிறீர்கள். வடிவத்தைப் பாருங்கள்.

டோரை வாங்குபவர்கள் பளபளப்பான வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். கீல் போல்ட் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா? நீள்வட்டமாக அரத்தால் ராவியிருந்தால், யாரோ ஏற்கெனவே பொருந்தாத இடத்தில் இழுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் தகடு மடியும் இடத்தில் கம்பெனியில் பூசிய சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) ஒரே சீராக ஓடும். அது விட்டுவிட்டு இருந்தாலோ கையால் பூசியதுபோல் இருந்தாலோ வெளித்தகடு மாற்றப்பட்டிருக்கலாம். கீழ்விளிம்பில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். சேறு வந்தால் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றிருக்க வாய்ப்புண்டு. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த ஊர் இது. வெளியே துரு தெரியாவிட்டாலும் மடிப்புக்குள் அரித்துக்கொண்டிருக்கும். ஒரு சின்னக் காந்தமும் கையில் இருக்கட்டும். அது இரும்புத் தகட்டில் எங்கே சரியாக ஒட்டவில்லையோ, அங்கே பட்டி (நசுங்கலை நிரப்பப் பூசும் பசை) தடிமனாக இருக்கிறது.

பானட்டுக்கு எளிய சோதனை உண்டு. சமமான தரையில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். எதிர் மூலை தூக்கினால் முறுக்கு விழுந்திருக்கிறது. டேப் வைத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஃபெண்டர் என்றால், உங்கள் காரில் அடிபடாத மறுபக்க ஃபெண்டரின் போல்ட் இடைவெளிகளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். நசுங்கிய ஃபெண்டரை அளந்தால் தப்பான கணக்குதான் கிடைக்கும்.

பலரும் மறப்பது சொந்த வண்டியை. முன்பக்கம் பலமாக இடிபட்ட காரில் ஏப்ரான் (ஃபெண்டருக்கு உள்ளே பாடியோடு சேர்ந்திருக்கும் தகடு) கொஞ்சம் தள்ளியிருந்தாலும் எவ்வளவு நல்ல ஃபெண்டரும் உட்காராது. பழி மட்டும் பொருள்மேல் விழும். முதலில் அதை இழுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பெயின்டுக்கு முன் கட்டாயம் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பின்பக்கப் பாடி அசையாதது, அதனால் அங்கிருந்து தொடங்க வேண்டும். பின் டோரை அதற்கு ஒத்துவையுங்கள், முன் டோரைப் பின் டோருக்கு, ஃபெண்டரை முன் டோருக்கு, பானட்டை ஃபெண்டருக்கு; பம்பர் கடைசியில். போல்ட்டுகளை லூஸாக விட்டு, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு வந்த பிறகே இறுக்க வேண்டும். பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள். பெயின்ட் அடித்த பிறகு கொண்டுபோனால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.