பழைய டிராக்டர் எஞ்சின்: அறிந்து பிரிப்பது, அளந்து பூட்டுவது

நான் முதன்முதலில் பிரித்த டிராக்டர் எஞ்சினைப் பிரித்திருக்கவே வேண்டியதில்லை. உழும்போது திணறியது, கரும்புகை கக்கியது. பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று முடிவுகட்டி, எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினேன். நான்கு நாள் கை கறுத்த பிறகுதான் ஏர் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் இறுகிப்போன சேறு. மூச்சு முட்டியவனுக்கு நெஞ்சைக் கிழித்து வைத்தியம் பார்த்திருக்கிறேன்! அதனால் இந்த விளக்கத்தில் ஒரு பெரும்பகுதி, ஸ்பானரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியது.

இங்கே சொல்வது கழற்றி மாற்றக்கூடிய, வெளிப்புறத்தைத் தண்ணீர் சூழ்ந்திருக்கும் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்) கொண்ட டீசல் எஞ்சினுக்கு. உங்கள் மாடலின் பணிமனைக் கையேட்டை முதலில் தேடிப் பிடியுங்கள். நான் தரும் எண்கள் வழிகாட்டத்தான். பூட்டும்போது கையேட்டின் எண்ணை மட்டும் நம்புங்கள்.

படி 1: புகையும் எண்ணெயும்

கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர், டீசலைப் பீய்ச்சும் நாசில், டீசல் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டுகிறது. ரிங்கோ, வால்வு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் வந்து, சூடானதும் மறையும் வெள்ளைப்புகை எரியாத டீசல். சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் தண்ணீர் உள்ளே கசிகிறது.

அடுத்து எண்ணெய் அளவுக் குச்சி. எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அளவு ஏறி, டீசல் வாடை அடித்தால், டீசலை டேங்கிலிருந்து இழுத்துத் தரும் சிறிய பம்பின் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கக்கூடும். இந்த இரண்டில் எது இருந்தாலும் எஞ்சினை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்கைத் தின்றுவிடும்.

எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, வாயின் மேல் சும்மா கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் கவலையில்லை. துள்ளி விழுந்தால், எரியும் வாயு ரிங்கைத் தாண்டி அடியில் இறங்குகிறது என்று பொருள்.

படி 2: எந்த சிலிண்டர்?

மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் ஒரு சுற்றுக்குள் தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள். நல்ல சிலிண்டர் என்றால் எஞ்சின் தடுமாறும். எந்த சிலிண்டரின் நட்டைத் தளர்த்தும்போது ஓட்டம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. கண்ணாடி அணிந்து, நட்டின் மேல் தடித்த துணி போட்டுச் செய்யுங்கள். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னத் துளைதானே என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

பிறகு கம்ப்ரஷன் சோதனை, அதாவது பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது. பெட்ரோல் எஞ்சினுக்கான கேஜ் இதற்குத் தாங்காது. எல்லா நாசில்களையும் கழற்றி, டீசலை நிறுத்தி, முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியோடு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சின் பெரும்பாலும் 25 முதல் 30 பார் வரை காட்டும். ஆனால் அந்த அளவைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசும். பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் இறங்கியிருந்தால், நடுவில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) ஊதியிருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங் தேய்ந்தது என்று கொள்ளும் பழக்கம் உண்டு. டீசலில் அதை அப்படியே நம்ப முடியாது: எரியும் அறை மிகச் சிறியது என்பதால், எண்ணெய் அடைத்துக்கொள்ளும் இடமே கேஜின் அளவை ஏற்றிக் காட்டும். அளவு மீறினால் பிஸ்டன் எண்ணெயில் முட்டி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். செய்வதானால் ஒரு சிறு கரண்டிக்கு மேல் வேண்டாம். எல்லா சிலிண்டருக்கும் அதே அளவு விட்டு ஒப்பிடுங்கள்.

படி 3: பிரிப்பது

பல டிராக்டர்களில் எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. அடியில் எண்ணெய் தேங்கும் வார்ப்பிரும்பு சம்ப் கூட எடையைத் தாங்கும். எனவே முன்பகுதி, பின்பகுதி இரண்டுக்கும் உறுதியான தாங்கு கொடுக்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

எண்ணெய், தண்ணீர் இரண்டையும் வடித்து, பேட்டரியைக் கழற்றுங்கள். ஹெட் போல்ட்டுகளை எஞ்சின் ஆறிய பிறகு, இறுக்கும் வரிசைக்கு நேர் எதிராகத் தளர்த்துங்கள். வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகளை ஓர் அட்டையில் துளையிட்டு வரிசையாகச் செருகி வையுங்கள். கனெக்டிங் ராடு மூடிகள் ஒன்றோடொன்று மாறக் கூடாது, திரும்பவும் கூடாது. எண் பொறிக்கப்படவில்லை என்றால் நீங்களே குறியிடுங்கள். ‘நினைவில் இருக்கும்’ என்பதை நம்பி நான் ஒரு நாள் முழுவதையும் இழந்திருக்கிறேன்.

லைனரின் மேல் விளிம்பில் கரி மேடோ தேய்மானப் படியோ இருந்தால், பிஸ்டனை மேலே தள்ளுவதற்கு முன் அதை நீக்குங்கள்.

படி 4: அளப்பது

லைனர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் அதிகம். உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்து எழுதுங்கள். லைனரை வெளியே எடுத்தால் அதன் முதுகையும் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தால், லைனரின் அதிர்வால் தண்ணீரில் தோன்றி வெடிக்கும் குமிழ்கள் அரித்திருக்கின்றன. கூலண்ட் கலவாத வெறும் தண்ணீர் ஓடிய எஞ்சினில் இது சகஜம். ஒரு குழி துளையாகிவிட்டால் தண்ணீர் நேராக சம்பில் இறங்கும்.

கிராங்க் ஷாஃப்டில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியான ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் 0.25 மி.மீ. அல்லது 0.50 மி.மீ. குறைத்துத் தீட்டி, அதே அளவு பேரிங் போடுவார்கள். தீட்டிய பிறகு எண்ணெய்த் துளைகளைக் கம்பித் தூரிகையால் துலக்கிக் காற்றடிப்பது உங்கள் பொறுப்பு. அங்கே மாட்டியிருக்கும் துகள், புதுப் பேரிங்கை முதல் நாளே கீறிவிடும். பழைய பேரிங்கை எறிவதற்கு முன் பாருங்கள்: ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம்.

ஹெட்டின் மேல் நேர்கோல் வைத்து, மூலைக்கு மூலை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று சோதியுங்கள். வால்வுகளைப் பூட்டியபடியே ஹெட்டைத் திருப்பி, காற்றும் புகையும் போகும் போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றினால், கசியும் வால்வு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

படி 5: பூட்டுவது

புது லைனர்களை ஓ ரிங்குகளோடு இறக்கியதும், பிஸ்டன் போடுவதற்கு முன்பே பிளாக்கின் தண்ணீர் வழியை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். கீழே ஒரு துளி சொட்டினாலும் இப்போது சரிசெய்வது எளிது. லைனரின் விளிம்பு பிளாக்கை விட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்றும் அளக்க வேண்டும்; அது குறைந்தால் கேஸ்கெட் பிடிக்காது.

ஒவ்வொரு ரிங்கையும் தனியே லைனருக்குள் விட்டு, தலைகீழான பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியைப் பாருங்கள். 100 மி.மீ. விட்டத்துக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மி.மீ. வரை வரும். இடைவெளி இல்லாத ரிங் சூட்டில் விரிந்து லைனரைப் பிய்த்துவிடும். பிஸ்டனில் பூட்டும்போது வாய்கள் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது.

ஒவ்வொரு பிஸ்டனையும் பூட்டி இறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். திடீரென்று இறுகினால் குற்றவாளி கடைசியாகப் போட்டதுதான். நான்கையும் போட்ட பிறகு சுற்றினால் யாரைப் பிடிப்பது?

வால்வுகள் சரியான நேரத்தில் திறக்க டைமிங் கியர் குறிகளைச் சேர்த்து, ஹெட்டை நடுவிலிருந்து வெளியே நோக்கி, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் குறைந்தது மூன்று தவணையாக இறுக்குங்கள். பிறகு வால்வு இடைவெளியைக் கையேட்டின்படி வையுங்கள்.

படி 6: முதல் ஓட்டம்

டீசலை அடைத்துவிட்டு, எண்ணெய் அழுத்தம் கேஜில் தெரியும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டுச் சுழற்றுங்கள். அதன் பிறகே ஃபில்டர், பம்ப், நாசில் என்ற வரிசையில் காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக் குழாயின் வாயை மூடும் அளவுக்கு ஒரு தட்டைப் பலகை கையருகில் இருக்கட்டும். எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடினால் அதை வைத்து அடையுங்கள், உள்ளங்கையால் அல்ல.

புது எஞ்சினை மணிக்கணக்கில் மெதுவாக ஓடவிடுவது அதன் மீதான அன்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஓடினால் லைனர் பளபளத்து, ரிங் படியாமலே போகும். சூடானதும் மிதமான சுமை கொடுத்து, ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். கையேடு கேட்டால் ஹெட்டை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து விரித்துப் பாருங்கள். மெல்லிய மினுமினுப்பு இருந்தால் ரிங் படிந்த அடையாளம். விரலில் நெருடும் செதில்கள் இருந்தால் எஞ்சினை ஓட்டாமல், சம்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பாருங்கள்.