வீட்டில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுவது எப்படி

இரண்டு வருடமாக என் மகளுக்கு இந்த ஊசியை நான்தான் போடுகிறேன். முதல் வாரம் கை நடுங்கியது எனக்குத்தான், அவள் பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒன்று. பிள்ளை குள்ளமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்த ஊசியைத் தேடிப் போகாதீர்கள். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, டர்னர் சிண்ட்ரோம் (பெண் குழந்தைகளுக்கு வரும் ஒரு குரோமோசோம் கோளாறு), பிராடர் வில்லி (ஒரு மரபணுக் கோளாறு), நாள்பட்ட சிறுநீரக நோய், பிறக்கும்போதே சிறியதாகப் பிறந்து அப்புறமும் எட்டிப் பிடிக்காத குழந்தைகள் என்று இதற்குக் குறிப்பிட்ட காரணங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் குறைபாட்டைக் கண்டுபிடிக்கவும் முடியாது. இந்த ஹார்மோன் விட்டுவிட்டுத்தான் சுரக்கும், அதிலும் பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில். அதனால் மருந்து கொடுத்துச் சுரக்கவைத்து, சில மணி நேரம் அடுத்தடுத்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எலும்பின் வயதைப் பார்க்க இடது கையை எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டால் எவ்வளவு போட்டாலும் உயரம் ஏறாது. குறைபாடுள்ள பெரியவர்களுக்கும் கொடுக்கிறார்கள், ஆனால் அது தசைக்கும் எலும்புக்கும்.

"இது செத்தவர்களிடமிருந்து எடுப்பதாமே?" என்று என் அத்தை கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, ஒரு காலத்தில் இறந்தவர்களின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்துதான் எடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட சிலருக்கு மூளையை அழிக்கும் நோய் வந்ததால் 1985இல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள், அதே வருடம் மரபணுப் பொறியியலில் செய்த ஹார்மோனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. இப்போதைய மருந்து, நம் உடம்பில் சுரக்கும் அதே 191 அமினோ அமிலப் புரதம், ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் உருவாவது.

சரி, ஊசிக்கு வருவோம். பெரும்பாலும் இரவு படுக்கும் முன் போடச் சொல்வார்கள், இயற்கையாகச் சுரக்கும் நேரத்தை ஒட்டி. பேனாவில், அதாவது பேனா வடிவிலுள்ள ஊசிக் கருவியில், இருக்கும் மருந்து தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலோ தூசி மாதிரி மிதந்தாலோ போடாதீர்கள். குலுக்கவே கூடாது, புரதம் கெட்டுவிடும். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி, ஆனால் உறையக் கூடாது. நான் ஒருமுறை பின்சுவரை ஒட்டி வைத்து ஒரு முழு கார்ட்ரிட்ஜை (பேனாவுக்குள் போடும் மருந்துக் குப்பி) உறையவிட்டேன், தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து கதவு ஓரத் தட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு டப்பாவுக்குள்தான் அதன் இடம்.

ஒவ்வொரு முறையும் புது ஊசி. புது கார்ட்ரிட்ஜ் போட்டதும் நுனியை மேலே பார்க்கப் பிடித்து, ஒரு துளி எட்டிப் பார்க்கும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். அப்புறம் பேனாவின் திருகைத் திருப்பி, டாக்டர் சொன்ன அளவை வையுங்கள். இங்கேதான் கவனம் தேவை: சில மருந்துகள் மில்லிகிராமில் வரும், சில யூனிட்டில். 1 மில்லிகிராம் என்பது 3 யூனிட். பிராண்ட் மாறினால் டாக்டரிடமோ நர்ஸிடமோ எண்ணை மறுபடி கேட்டு எழுதி வாங்குங்கள்.

தோலை மெதுவாகக் கிள்ளிப் பிடித்து, நர்ஸ் காட்டிய கோணத்தில் குத்தி, பட்டனை முழுக்க அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் தோலில் ஒரு சொட்டு நிற்கும். அது போக வேண்டிய மருந்து. தொடை, வயிறு, பிட்டம் என்று தினமும் இடத்தை மாற்றுங்கள், ஒரே இடத்தில் போட்டால் அங்கே கொழுப்பு கரைந்து குழி விழும். நாங்கள் காலண்டரில் "வ" "இ" என்று எழுதுவோம், வலது, இடது. ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

வாந்தியோடு தலைவலி, பார்வை மங்கல், நொண்டி நடப்பது, இடுப்பு அல்லது முட்டி வலி: இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மற்றபடி மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் பார்ப்பார்கள், அவ்வப்போது ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டி உடம்பில் உருவாகும் ஒரு பொருள்), தைராய்டு, சர்க்கரை.

வீட்டுச் சுவரில் வாராவாரம் அளக்காதீர்கள். காலையில் இருக்கும் உயரம் மாலையில் இருக்காது, முதுகெலும்பு பகலில் கொஞ்சம் அமுங்கிவிடும். அது தெரியாமல் ஒருநாள் மாலையில் அளந்து, பிள்ளை ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டாள் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவன் நான்.