மனப்பாடம் செய்யாமல் தனிம வரிசை அட்டவணை

மொத்தம் 118 கட்டங்கள். பார்த்ததும் மிரண்டுபோய் ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு தாளும் பென்சிலும் இருந்தால், முதல் 20 தனிமங்களில் எது எங்கே உட்காரும் என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: அது தனிமம்தானா?

இடத்தை அடைத்துக்கொள்ளும், நிறையும் உள்ள எல்லாமே பருப்பொருள். அதில் ஒரே வகை அணுக்களால் ஆனது மட்டும் தனிமம். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும். எனவே அது சேர்மம், அதாவது வெவ்வேறு தனிமங்கள் இணைந்து உருவானது. காற்று ஒரு கலவை. இரண்டுக்கும் அட்டவணையில் இடமில்லை.

படி 2: அணு எண்ணைப் பாருங்கள்

கட்டத்தில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். தசமப் புள்ளியோடு இருப்பது அணு நிறை. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முழு எண்ணாக 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போவதுதான் அணு எண். அணுவின் மையத்தில் எத்தனை புரோட்டான்கள் (நேர்மின்சுமை கொண்ட துகள்கள்) என்று அது சொல்கிறது. மின்சுமை இல்லாத அணுவில் எலக்ட்ரான்களும் (மையத்தைச் சுற்றியுள்ள எதிர்மின்சுமைத் துகள்கள்) அத்தனையே.

1869இல் அட்டவணையை வெளியிட்ட ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ், நிறையை வைத்துத்தான் அடுக்கினார். டெலூரியம் அயோடினைவிடக் கனமானது, ஆனாலும் பண்புகள் பொருந்த வேண்டும் என்பதற்காக அதை முன்னால் வைத்தார். அவர் செய்தது சரிதான் என்பதற்கான காரணம் 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லியின் எக்ஸ் கதிர் ஆய்வில் தெரிந்தது: வரிசையைத் தீர்மானிப்பது நிறை இல்லை, அணு எண்.

படி 3: வட்டம் போடுங்கள்

அணுவின் மையமாக ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி வட்டங்கள் வரையுங்கள். முதல் வட்டத்தில் 2 எலக்ட்ரான்கள், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 8. மிச்சம் இருந்தால் நான்காவதில். உள்வட்டம் நிரம்பிய பிறகே வெளியே போக வேண்டும். சோடியத்தின் அணு எண் 11. அப்படியானால் 2, 8, 1.

படி 4: முகவரியைப் படியுங்கள்

வட்டங்களின் எண்ணிக்கைதான் தொடர், அதாவது கிடைவரிசை. சோடியத்துக்கு 3. கடைசி வட்டத்தில் உள்ள எலக்ட்ரான்கள் தொகுதியைச் சொல்லும், அதாவது மேலிருந்து கீழாக வரும் வரிசையை. அங்கே 1 அல்லது 2 இருந்தால் தொகுதி எண்ணும் அதேதான். 3 முதல் 8 வரை என்றால் 10 கூட்டிக்கொள்ளுங்கள். குளோரினுக்கு 17 எலக்ட்ரான்கள்: 2, 8, 7. ஆக, தொடர் 3, தொகுதி 17.

பொட்டாசியத்தையும் போட்டுப் பாருங்கள்: 2, 8, 8, 1. கடைசியில் சோடியத்தைப் போலவே ஒன்றுதான். இரண்டும் தண்ணீர் பட்டால் சீறுவதற்குக் காரணம் அந்த ஒற்றை எலக்ட்ரான். ஒரே தொகுதியில் இருப்பவை ஒரே மாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

எங்கே மாட்டிக்கொள்வீர்கள்?

ஹீலியத்தில். கணக்குப்படி அது 2ஆம் தொகுதி. ஆனால் முதல் வட்டம் 2 எலக்ட்ரான்களிலேயே நிரம்பிவிடுவதால், எளிதில் வினைபுரியாத மந்த வாயுக்களோடு 18இல் இருக்கிறது. அப்புறம், 21ஆம் தனிமமான ஸ்கேண்டியம். புதிதாக வரும் எலக்ட்ரான் நான்காவது வட்டத்துக்குப் போகாமல் மூன்றாவதுக்கே திரும்புகிறது: 2, 8, 9, 2. நாம் 10 கூட்டித் தாண்டிப்போன அந்தப் பத்து வரிசைகள் இங்கேதான் தொடங்குகின்றன.