கறிவேப்பிலை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த கறிவேப்பிலை, மேட்டுப்பாளையம், காரமடை வட்டாரத் தோட்டங்களில் அடர்ந்த புதராக நிற்கிறது. நம் வீட்டுக் கொல்லையிலோ அது ஒற்றைக் குச்சியாக நெடுநெடுவென்று வளர்ந்து, உச்சியில் நாலு இலையோடு நிற்கிறது. அதற்கு மண்ணையும் கைராசியையும் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் காரணம் அதுவன்று; வெட்ட வேண்டியதை வெட்டத் தயங்குகிறோம், பறிக்கக் கூடாத விதத்தில் பறிக்கிறோம்.

அடுப்பில் கடுகு வெடிக்கும் நேரத்தில் ஓடிப்போய், ஈர்க்கைச் செடியிலேயே விட்டுவிட்டு இலைகளை மட்டும் உருவிக்கொண்டு வருவதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு. நாம் இலை என்று சொல்வது உண்மையில் சிற்றிலை. ஈர்க்கும் அதன் இருபுறமுள்ள சிற்றிலைகளும் சேர்ந்ததே தாவரவியல் கணக்கில் ஒரு முழு இலை. உருவப்பட்ட மொட்டை ஈர்க்கு மீண்டும் துளிர்ப்பதில்லை, காய்ந்து விழுந்துவிடும். புதிய கிளைக்கான மொட்டு, ஈர்க்கு தண்டோடு சேரும் கணுவில் உறங்குகிறது. தண்டின் நுனிக் குருத்து இருக்கும்வரை, அதில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி, கீழேயுள்ள மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கும். ஆகவே கிளை நுனியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே கூர்மையான கத்தரியால் வெட்டி இணுக்காகவே எடுத்தால், சமையலுக்கு இலையும் கிடைக்கும், செடிக்குக் கவாத்தும் ஆகிவிடும். சாகுபடி செய்வோர் செடி ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, ஐந்தாறு கிளைகள் பிரியவிட்டுப் புதராக்குவது இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு, நட்டு மூன்று மாதமான கன்றில் கத்தரியை வைத்துவிடக் கூடாது. தோட்டங்களிலேயே முதல் அறுவடை நட்டு ஓராண்டுக்குப் பிறகுதான். அதுவரை இலைதான் செடிக்குச் சோறு.

பூவை அழகுக்காக விட்டுவைப்பதும் இலைக்கு நட்டமே. பூங்கொத்து கிளையின் நுனியில் தோன்றுவதால், அந்தக் கிளை நீள்வது அத்தோடு நின்றுவிடும். விதை தேவையில்லையென்றால் அரும்பிலேயே கிள்ளிவிடலாம்.

விதை தேவைப்படுவோர் செய்யும் தவறு வேறு. வெண்டை, கத்தரி விதைகளைப் போல இதையும் வெயிலில் உலர்த்தி டப்பாவில் மூடி வைப்பார்கள். உலர்ந்த கறிவேப்பிலை விதை முளைப்புத் திறனை விரைவில் இழந்துவிடும். கருத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, மூன்று நான்கு நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும். வெட்டிய குச்சியை ஊன்றிக் காத்திருப்பதும் பெரும்பாலும் வீண். அதைவிடத் தாய்ச் செடியைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றை வேரோடு பிரித்து நடுவது நம்பகமான வழி.

தொட்டியில் வடிகால் துளை அடைபட்டு நீர் தேங்கினால் வேர் அழுகும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். இளம் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுத்து மஞ்சளானால், அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் பாயும் இடங்களில் இது அதிகம். அதைத் தழைச்சத்துக் குறை என்றெண்ணி யூரியாவை அள்ளிப் போடுவதில் பயனில்லை. புளித்த மோர் ஊற்றும் பழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால், வளர்ந்த செடிக்கு ஆண்டுக்கு 20 கிலோ தொழு உரம் இட வேண்டும் என்பது பரிந்துரை. ஒரு சொம்பு மோர் அதற்கு ஈடாகாது.

தோல் நீக்க வழியில்லாத, அப்படியே வாயில் போகும் இலை என்பதை மறந்து, எதைக் கண்டாலும் பூச்சிமருந்து தெளிப்பது ஆபத்தான தவறு. பறவை எச்சம் போல இலைமேல் ஒட்டியிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். வீட்டுச் செடியில் அதைக் கையாலேயே எடுத்துவிடலாம். தளிரைச் சுருட்டும் சைலிட் பூச்சியைத்தான் கவனிக்க வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பசுமையாதல் நோய்க் கிருமியைப் பரப்பும் இந்தப் பூச்சி, அந்நோய் தாக்காத கறிவேப்பிலையிலும் முட்டையிட்டுப் பெருகும். எனவே பூச்சி பிடித்த கொழுந்துகளை வெட்டினால், பக்கத்திலிருக்கும் எலுமிச்சை மரத்தடியில் வீசாமல், சோப்பு நீரில் அமிழ்த்திவிட வேண்டும்.