மலாய்ப் பொட்டலத்தில் ‘கரம்’ என்றால் உப்பு

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மளிகை வாங்கும்போது, மலேசியாவிலிருந்து வரும் பொட்டலங்களின் பின்புறத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மலாய் ரோமன் எழுத்தில் இருப்பதால், தெரிந்த சொல் போலவே தோன்றும். பொருள் முற்றிலும் வேறாக இருக்கும்.

ஜி-ஏ-ஆர்-ஏ-எம் என்று இருந்தால், கரம் மசாலா பழகிய கண் அதை ஏதோ மசாலா என்று கடந்துவிடும். வாய்விட்டுப் படித்தாலும் நம் ‘காரம்’ போலத்தான் கேட்கும். இந்தியில் ‘கரம்’ என்றால் சூடு என்று பொருள், மலாயிலோ உப்பு! இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இதை எல்லாரும் தெரிந்துவைத்திருப்பது ரொம்ப நல்லது.

அப்புறம் ஏ-ஐ-ஆர். ஆங்கிலத்தில் காற்று, மலாயில் தண்ணீர். ‘ஆயேர்’ என்று சொல்வார்கள். மலேசியாவின் ஜோகூர் பாரு போனால் கடைப்பலகையில் ‘24 ஜாம்’ என்று பார்க்கலாம். ரொட்டிக்குத் தடவும் ஜாமின் அதே எழுத்துகள்தான், ஆனால் 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று அர்த்தம்.

கைப்பேசியில் பொருள் தேடும்போது, மொழியைத் தானாகக் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள். ஒற்றைச் சொல்லை ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டுவிடலாம். மலாய் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். பக்கத்துச் சொல்லையும் சேர்த்தே தட்டுங்கள். மலாயில் அடைமொழி பின்னால்தான் வரும்: ‘ஆயேர் பானாஸ்’ என்றால் வெந்நீர்.