பழைய ஸ்டைல் சார்டின் சாண்ட்விச், வீட்டுலயே

இப்போ எந்த கஃபேக்கு போனாலும் சாண்ட்விச்ல அவகாடோ, சீஸ், ஏதேதோ கீரைன்னு வெச்சு குடுக்குறாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா முன்னாடி நம்ம சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக் கீழ பிறந்தநாள் பார்ட்டி நடந்தா பீஹூன் (அரிசி சேமியா) தட்டு பக்கத்துலயே முக்கோணமா வெட்டி அடுக்கி வெச்சிருப்பாங்களே சார்டின் சாண்ட்விச், அது மாதிரி வருமா சொல்லுங்க! அந்த ருசி வேணும்னா புதுசா எதையும் சேர்க்காதீங்க, முக்கியமா மயோனைஸ் வேண்டவே வேண்டாம்.

தக்காளி சாஸ்ல போட்ட சார்டின் டின்தான் வாங்கணும். எங்க வீட்டுல எப்பவும் சேவல் படம் போட்ட அயாம் பிராண்ட், 1892ல ஒரு பிரெஞ்சுக்காரர் நம்ம சிங்கப்பூர்லதான் அந்த கம்பெனிய ஆரம்பிச்சாரு. சாஸை தனியா வடிச்சு வைங்க, கொட்டிடாதீங்க. மீனை முள்ளோடவே ஃபோர்க்கால நல்லா மசிங்க, டின்ல அடைச்சு அதிக சூட்டுல வேக வைக்கிறதால முள்ளு எல்லாம் மெத்துனு ஆயிருக்கும், வாயில தட்டவே தட்டாது, கால்சியமும் அதுலதான் இருக்கு.

வெங்காயம்தான் நெறைய பேர் கோட்டை விடுற எடம். பொடிப்பொடியா நறுக்கி உப்பு போட்டு பிசறி ஒரு பத்து நிமிஷம் விட்டு நல்லா ஒட்டப் பிழிஞ்சிடணும், இல்லன்னா அப்புறமா தண்ணி விட்டு பிரட்ட நனைச்சிடும். அதையும் பச்சை மிளகாயையும் வெள்ளை மிளகுத்தூளையும் மீன்ல போட்டு, சாஸ் ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன் மட்டும் சேர்த்து, கடைசியா லிமாவ் கஸ்தூரி, அதான் அந்த குட்டி எலுமிச்சை, பிழிங்க, அந்த புளிப்புலதான் மீன் வாடை அடங்கும்.

பிரட் சாதா வெள்ளை பிரட், முந்தின நாள் வாங்கினதா இருந்தா வெட்ட சுலபம். ரெண்டு ஸ்லைஸ்லயும் ஓரம் வரைக்கும் பட்டர் தடவுங்க, மார்ஜரினும் ஓகே. ருசிக்கு மட்டும் இல்ல, அந்த கொழுப்புதான் மீன்ல இருக்குற ஈரம் பிரட்டுக்குள்ள எறங்காம தடுக்குது, அதனால இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

மீனை மெலிசா பரப்பி மூடி, எல்லாத்தையும் அடுக்கி, நல்லா பிழிஞ்ச ஈரத்துணிய மேல போட்டு ஒரு தட்டை வெச்சு இருபது நிமிஷம் ஃபிரிட்ஜ்ல வைங்க. அதுக்கப்புறம்தான் ஓரத்த வெட்டணும், பல்லு வெச்ச கத்தி, ஒவ்வொரு தடவையும் தொடைச்சிட்டு வெட்டுங்க. இப்படி செஞ்சா பிரட்டும் மீனும் ஒண்ணா ஒட்டிக்கும், கடிக்கும்போது பின்பக்கம் பிதுங்கி வராது. கூடவே சூடா ஒரு தே (டீ) இருந்தா ஆஹா, அவ்ளோ சுகம்!

நம்ம ஊர் சூட்டுல ரொம்ப நேரம் மேசையில வெளிய வைக்காதீங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுடுங்க. வடிச்சு வெச்ச சாஸ் இருக்குல்ல, அத வேற டப்பாவுல மாத்தி ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்து மறுநாள் வெங்காயம், மிளகாய் விழுது வதக்கி அதுல ஊத்தி சம்பல் பண்ணிடுங்க, சுடுசோத்துக்கு செமயா இருக்கும்.