பொதுநலனுக்காக ஹேக் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு செயலி ஒன்றில் விண்ணப்ப எண்ணைத் தட்டும்போது கடைசி இலக்கம் மாறிப்போகிறது. முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியும் வங்கிக் கணக்கு எண்ணும் திரையில் வந்து நிற்கின்றன. கணினி படித்த எந்த இளைஞருக்கும் இதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று கை துடிக்கும். அந்தத் துடிப்பு நியாயமானது, நமக்குத் தேவையானதும்கூட. ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு, ஆதாரம் வேண்டும் என்று எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்வது. பாதுகாப்பு ஓட்டை இருப்பதை நிரூபிக்க ஒன்றிரண்டு பதிவுகள் போதும். அதுவும் உங்கள் சொந்தப் பதிவும், சம்மதம் கொடுத்த நண்பருடையதுமாக இருந்தால் நல்லது. 10,000 பேரின் விவரம் உங்கள் மடிக்கணினியில் இருந்தால், அந்த 10,000 பேருக்கு நீங்களே இன்னொரு ஆபத்து.

1981இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய ஹேக்கர்கள் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் இந்த விஷயத்தில் நல்ல பாடம். 1984இல் ஜெர்மன் அஞ்சல் துறை நடத்திய பிடிஎக்ஸ் என்ற திரைத் தகவல் சேவை பாதுகாப்பானது என்று சொல்லப்பட்டுவந்தது. கிளப்பைச் சேர்ந்த வாவ் ஹோலண்டும் ஸ்டெஃபன் வெர்னேரியும் ஹாம்பர்க் சேமிப்பு வங்கியின் அடையாளத்தில் நுழைந்து, தங்கள் கட்டணப் பக்கத்தை இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப அழைக்க வைத்தார்கள். ஒரு அழைப்புக்கு 9.97 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்). விடிவதற்குள் சுமார் 1,35,000 மார்க் சேர்ந்துவிட்டது. அந்தப் பணத்தை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. சொந்தப் பெயரில், ஊடகங்களின் முன்னால், நடந்ததைச் சொன்னார்கள். இன்றைய சட்டத்தில் இதை அப்படியே செய்து பார்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் யாரையும் காயப்படுத்தாமல், ஒளியாமல், ஒரு காசு எடுக்காமல் செய்தார்கள் என்பதால்தான் மக்கள் அவர்கள் பக்கம் நின்று கேட்டார்கள்.

இந்தக் கிளப் வலியுறுத்தும் ஒரு நெறி உண்டு: பொதுத் தரவைப் பயன்படுத்து, தனிமனிதத் தரவைப் பாதுகாத்திடு. இதன் இரண்டாம் பாதியை மறப்பதுதான் என் பார்வையில் மிகக் கொடிய தவறு. 2016 ஜூலையில் துருக்கியில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்த சில நாட்களில், ஆளும் கட்சியின் மின்னஞ்சல்கள் என்று, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் ஒரு பெருந்தொகுப்பை வெளியிட்டது. அதையொட்டி அது பகிர்ந்த ஒரு இணைப்பில், 81 மாகாணங்களில் 79இன் பெண் வாக்காளர்களின் முகவரி உள்ளிட்ட விவரங்கள் கிடந்தன. அடித்துத் துன்புறுத்திய கணவனிடமிருந்து தப்பி வேறு ஊரில் வாழும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் எந்த அதிகாரத்தில் இருந்தாள்? வெளிப்படைத்தன்மை என்பது அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டியது.

கெட்டவனிடம் எடுத்து நல்லவனுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 2011 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்ட்ராட்ஃபோர் என்ற உளவுத் தகவல் ஆய்வு நிறுவனத்துக்குள் நுழைந்த அனானிமஸ் என்ற ஹேக்கர் குழுவினர், அதன் சந்தாதாரர்களின் கடன் அட்டைகளிலிருந்து தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடை அனுப்பினார்கள். திருட்டு அட்டையில் வந்த பணம் தொண்டு நிறுவனத்திடம் தங்காது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஏழைகளுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை, தொண்டர்களுக்குத்தான் வீண் வேலை. அந்தக் குழுவில் முன்னால் நின்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்த சாபு என்பவர் அந்த ஆண்டு ஜூனிலேயே பிடிபட்டு எஃப்.பி.ஐ.க்காக வேலை செய்துகொண்டிருந்தார். அந்த ஊடுருவலில் ஈடுபட்ட ஜெரமி ஹேமண்டுக்கு 2013இல் 10 ஆண்டு சிறை. கூட்டத்தில் உங்களை யார் அதிகம் உசுப்புகிறாரோ அவரிடம் முதலில் எச்சரிக்கையாக இருங்கள்.

சரி, எண்ணம் நல்லது, செய்ததும் அளவாகத்தான். சட்டம் விட்டுவிடுமா? நம்பி இருக்க வேண்டாம். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு அனுமதியில்லாமல் நுழைவதையே இழப்பீட்டுக்குரியதாக்குகிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை. உங்கள் நோக்கம் எது என்று வாதிடும் நிலை வருவதற்குள் கைது நடந்து முடிந்திருக்கும். ஆதார் மையக் களஞ்சியம்போல் 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவிக்கப்பட்டவற்றில் நுழைய முயன்றாலே 10 ஆண்டு வரை போகலாம். ஜெர்மனியிலும் நிலைமை பெரிய ஆறுதல் தராது. 2021இல் அந்நாட்டின் பெரிய கட்சிகளில் ஒன்றான சி.டி.யூ.வின் பிரசாரச் செயலியில் இருந்த ஓட்டையை முறையாகத் தெரிவித்த பாதுகாப்பு ஆய்வாளர் லிலித் விட்மன் மீதே அந்தக் கட்சி புகார் கொடுத்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது, வழக்கும் கைவிடப்பட்டது. இனி அந்தக் கட்சிக்கு எந்த ஓட்டையையும் சொல்ல மாட்டோம் என்று கேயாஸ் கிளப் அறிவித்தது.

ஆகவே தனியாகப் போகாதீர்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். என்ன செய்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்று நேரத்தோடு எழுதி வையுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவியுங்கள். சரிசெய்ய அவகாசம் கொடுங்கள். காசு மட்டும் கேட்காதீர்கள், கேட்ட நொடியிலேயே அது மிரட்டலாகிவிடும்.

அப்புறம் இன்னொரு தவறு, ஓட்டையைக் காட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. 2006இல் நெதர்லாந்தில் ஹேக்கர் ராப் கோங்கிரைப் உள்ளிட்டோர் நெடாப் நிறுவனத்தின் வாக்கு இயந்திரத்தைத் திறந்து, அதில் சதுரங்கம் ஆட வைத்துக் காட்டினார்கள். ஊரே பார்த்தது. அதோடு விட்டுவிடாமல் இயக்கமாக நின்றார்கள், நாடு காகித வாக்குச்சீட்டுக்குத் திரும்பியது. ஜெர்மனியில் ஒரு தந்தையும் மகனும் வாக்கு இயந்திரத்தை எதிர்த்து அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள், கேயாஸ் கிளப் நிபுணர் கருத்து கொடுத்தது. 2009 மார்ச் 3இல் தீர்ப்பு வந்தது: வாக்குப்பதிவின் முக்கியமான படிகளைத் தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும்.

அதே கோங்கிரைப், அமெரிக்காவின் அலெக்ஸ் ஹால்டர்மன், ஹைதராபாத்தின் ஹரி பிரசாத் மூவரும் 2010இல் இந்திய வாக்கு இயந்திரத்தின் பலவீனங்களைக் காட்டினார்கள். இயந்திரத்தை யார் கொடுத்தது என்று சொல்ல மறுத்த ஹரி பிரசாத், திருட்டுப் புகாரில் ஆகஸ்டில் கைதானார். ஆராய்ச்சியின் முடிவைவிட இயந்திரம் வந்த வழியே வழக்கானது. பொருளை எந்த வழியில் பெறுகிறோம் என்பதைத் தொடங்கும் முன்பே யோசிக்க வேண்டியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனாலும் கேள்வி அடங்கவில்லை. வேறொருவர் தொடுத்த வழக்கில், வாக்காளர் பார்த்துச் சரிபார்க்கும் காகிதத் தடம் இன்றியமையாதது என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தொழில்நுட்பம் தெரியாதவரும் புரிந்து சரிபார்க்க வேண்டும் என்பதால்தான் அறிக்கை எழுதும்போது முதல் பக்கத்தை நிரல் தெரியாதவருக்காக எழுதச் சொல்கிறேன். யாருக்கு என்ன பாதிப்பு, எதை மாற்ற வேண்டும், யார் மாற்ற வேண்டும் என்பது அதில் வந்துவிட வேண்டும். நிரல் விவரங்கள் பின்னிணைப்பில் இருக்கட்டும், அதுவும் ஓட்டை அடைக்கப்பட்ட பிறகு.